எம்மி விருதுக் கணக்கில் எது காமெடி?

கேள்வி இது: ‘தி பேர்’ என்ற அமெரிக்கத் தொடரின் சமையலறையில் எல்லோரும் கத்துகிறார்கள், உடைந்துபோகிறார்கள், இறந்த அண்ணனை நினைத்து அழுகிறார்கள். அதற்கு எப்படி அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியின் ‘சிறந்த நகைச்சுவைத் தொடர்’ விருது கிடைத்தது? இந்த விருதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஒரு வரியில் சொன்னால், காமெடியா டிராமாவா என்று படிவத்தில் குறிப்பவர் தயாரிப்பாளர்தான். விருதை வழங்கும் தொலைக்காட்சி அகாடமி அதை ஆட்சேபிக்கலாம். ஆனால் ஒரு தொடர் எவ்வளவு சிரிக்க வைக்கிறது என்று அளக்கும் விதி இந்த விருதின் எழுபது ஆண்டுச் சரித்திரத்தில் எப்போதுமே இருந்ததில்லை. பிரிவின் பெயர், எபிசோடின் நீளம், எந்தப் பட்டியலில் நின்றால் ஜெயிக்கலாம் என்கிற கணக்கு ஆகிய மூன்றும்தான் மாறி மாறி வேலை செய்திருக்கின்றன. ‘தி பேர்’ அந்தக் கதையின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று. முதல் அத்தியாயத்திலேயே இதே குழப்பம் இருக்கிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சி அகாடமி 1946-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கப்பட்டது. முதல் எம்மி விழா 1949 ஜனவரி 25 அன்று ஹாலிவுட் அத்லெடிக் கிளப்பில் நடந்தது. அன்றைக்கு அது ஓர் ஊர் விழா. லாஸ் ஏஞ்சலிஸ் நிலையங்களின் நிகழ்ச்சிகள் மட்டுமே போட்டியிட்டன, காமெடிக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 1952 பிப்ரவரி விழாவில்தான் ‘சிறந்த காமெடி ஷோ’ என்ற பிரிவு வந்தது. வென்றது ‘ரெட் ஸ்கெல்டன் ஷோ’. அது கதைத்தொடரே அல்ல. ஒரு மனிதர் மேடையில் நின்று பேசுவார், வேஷம் போட்டுக் குட்டி நாடகங்கள் நடிப்பார். இன்றைய விதிப்படி அதை இந்தப் பிரிவுக்குள் விடவே மாட்டார்கள். பாட்டும் பேச்சும் குட்டி நாடகமும் கலந்த ‘வெரைட்டி’ நிகழ்ச்சிகளின் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதே இரவில் சிறந்த நகைச்சுவைக் கலைஞர் விருதும் ஸ்கெல்டனுக்கே கிடைத்தது. செம்பட்டை முடிக்காரரான அவர், தவறான செம்பட்டை முடிக்காரரிடம் இதைக் கொடுத்துவிட்டீர்கள், நடிகை லூசில் பாலுக்கு அல்லவா போயிருக்க வேண்டும் என்று மேடையிலேயே சொன்னார்.

1953-இலும் 1954-இலும் லூசில் பாலின் ‘ஐ லவ் லூசி’ வென்றது. பிரிவின் பெயர் அப்போது ‘சிச்சுவேஷன் காமெடி’. நாம் சிட்காம் என்று சொல்வது அதன் சுருக்கம்தான். அந்தத் தொடர் மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எதிரே நிஜப் பார்வையாளர்களை உட்காரவைத்து, 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டது. காட்சிக்குக் காட்சி நிறுத்தாமல் நாடகம்போல் ஓடும். சிரிப்பு அந்த அரங்கத்திலிருந்தே வரும். மல்டி-கேமரா என்று இன்று அழைக்கப்படும் இந்த வடிவம் பிறகு வந்த அரை நூற்றாண்டில் இந்தக் கோப்பையைப் பல முறை வீட்டுக்குக் கொண்டுபோனது. கடைசியாக எப்போது கொண்டுபோனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அகாடமி பிரிவுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கியது. வெற்றியாளர் பட்டியலைப் பார்க்கும் பலர் தடுமாறுவது இங்கேதான். 1957-இல் பிரிவு காமெடி என்ற சொல்லையே கைவிட்டு, ‘அரை மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ ஓடும் சிறந்த தொடர்’ என்று நின்றது. ‘ஃபில் சில்வர்ஸ் ஷோ’ அதில் வென்றது. ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஓடும் தொடர்களுக்கான பிரிவில் வென்ற ‘சீசர்ஸ் அவர்’ நிகழ்ச்சியும் காமெடிதான். அதாவது நீளத்தை வைத்துப் பிரிக்கும் யோசனை அப்போதே வந்துவிட்டது. 2015-இல் அது புது விதிபோல் திரும்பி வந்தபோது யாருக்கும் 1957 நினைவில்லை. 1960-இல் ‘நகைச்சுவைத் துறையில் சிறந்த நிகழ்ச்சிச் சாதனை’ என்று பெயர் நீண்டதும், தொடர்களோடு ஒருமுறை மட்டும் ஒளிபரப்பாகும் சிறப்பு நிகழ்ச்சிகளும் மோதின. ஆர்ட் கார்னியின் சிறப்பு நிகழ்ச்சி ஜாக் பென்னியையும் ஸ்கெல்டனையும் தோற்கடித்தது. 1965-இல் காமெடி, டிராமா, இசை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, பல நிகழ்ச்சிகளுக்கு ஒன்றாக விருது கொடுத்தார்கள். அந்த ஆண்டு ‘டிக் வான் டைக் ஷோ’ பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் இசை நிகழ்ச்சியோடும் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் சிறுவர் கச்சேரியோடும் மேடையைப் பகிர்ந்துகொண்டது. அந்தத் தொடருக்கு மூன்று வெற்றியா நான்கா என்று இணையத்தில் நடக்கும் சண்டைக்குக் காரணம் இந்த ஓராண்டுதான். 1963, 1964, 1966 ஆகியவற்றோடு 1965-ஐயும் சேர்த்தால் நான்கு.

1967-இல் ‘தி மங்கீஸ்’ வென்றது. தொலைக்காட்சிக்காகவே தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட நான்கு இளைஞர்களின் பாட்டுக் கும்பல் பற்றிய தொடர் அது. ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’, ‘பிவிட்ச்டு’, ‘கெட் ஸ்மார்ட்’, ‘ஹோகன்ஸ் ஹீரோஸ்’ ஆகியவை அதனிடம் தோற்றன. இதை விபத்து என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமராவை நோக்கிப் பேசுவது, வேகமாக வெட்டி ஒட்டுவது என்று வடிவத்தில் அந்த ஆண்டுப் பட்டியலில் அதுதான் புதிது. இயக்கத்துக்கான எம்மியும் அதற்கே போனது.

பிறகு 1971. ‘ஆல் இன் தி ஃபேமிலி’ அந்த ஜனவரி 12 அன்றுதான் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது. இனவெறி, போர், கருத்தடை என்று அதுவரை சிட்காம் தொடாததையெல்லாம் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தபடி சண்டையாக ஆக்கிய தொடர். நான்கு மாதத்துக்குள் எம்மி. 1972, 1973, 1978-லும் திரும்ப. ஃபிலிமுக்குப் பதில் வீடியோ டேப்பில் பதிவு செய்தது, நிஜப் பார்வையாளர் முன்னிலையில். அதன் நாடகத்தன்மை எழுபதுகளின் சிட்காம் பாணியை மாற்றிவிட்டது. நடுவே 1974-இல் ‘மேஷ்’ ஒரே முறை வென்றது. கொரியப் போர்க்கள மருத்துவமனைக் கதை, ஒற்றைக் கேமரா (பார்வையாளர் இல்லாமல், சினிமாபோல் துண்டு துண்டாக எடுப்பது), நெட்வொர்க் (நாடு முழுதும் ஒளிபரப்பும் சேனல்) கட்டாயத்தால் பின்னணிச் சிரிப்பொலி சேர்த்திருந்தார்கள், ஆனால் அறுவைசிகிச்சைக் காட்சிகளில் அது கிடையாது. 1974-இலேயே ரத்தமும் சாவும் உள்ள ஒரு தொடர் காமெடி விருதை வாங்கிவிட்டது என்பதை ‘தி பேர்’ பற்றிக் கோபப்படுகிறவர்கள் கவனிக்கலாம். 1975 முதல் 1977 வரை ‘மேரி டைலர் மூர் ஷோ’, 1979 முதல் 1981 வரை ‘டாக்ஸி’, 1982-இல் ‘பார்னி மில்லர்’.

விருது ஒரு தொடரைக் காப்பாற்றுமா? சில நேரம். ‘சியர்ஸ்’ முதல் சீசனில் ரேட்டிங் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. 1983 எம்மி அதற்கு மூச்சு கொடுத்தது, பதினொரு சீசன் ஓடியது, நான்கு முறை வென்றது. மாறாக 1970-இல் வென்ற ‘மை வேர்ல்டு அண்ட் வெல்கம் டு இட்’ ஒரே சீசனோடு முடிந்தது. மூன்று வெற்றிகளுக்குப் பின்னும் ‘டாக்ஸி’யை ஏ.பி.சி. நெட்வொர்க் 1982-இல் கைவிட்டது, என்.பி.சி. எடுத்து இன்னும் ஒரே சீசன் ஓட்டியது. 2004-இல் வென்ற ‘அரெஸ்டட் டெவலப்மெண்ட்’ 2006-இல் நிறுத்தப்பட்டது. நெட்வொர்க்குக்கு விளம்பர வருமானம் முக்கியம். கோப்பை அதற்கு ஒரு சீசன் அவகாசம் வாங்கித்தரும், அவ்வளவுதான்.

இனி நீளத்துக்கு வருவோம், ஏனெனில் உங்கள் கேள்வியின் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. நீண்ட காலம் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது: அரை மணி என்றால் காமெடி, ஒரு மணி என்றால் டிராமா. எண்பதுகளின் ‘மூன்லைட்டிங்’ வாய்ச்சண்டையும் கிண்டலுமாகப் போகும் தொடர்; ஒரு மணி நேரம் ஓடியதால் 1986-இலும் 1987-இலும் டிராமாப் பட்டியலில் நின்றது. அதற்கு நேர் எதிராக ‘வொண்டர் இயர்ஸ்’: அரை மணி, சிரிப்பொலி கிடையாது, முதல் எபிசோடிலேயே வியட்நாம் போரில் ஒரு மரணம். 1988-இல் வெறும் ஆறு எபிசோடுகளோடு காமெடி விருதை வென்றது. இந்த வழக்கத்தை உடைத்தது 1999-இல் ‘ஆலி மெக்பீல்’. வென்ற முதல் ஒரு மணி நேரத் தொடர் அது. அதே இரவில் டிராமா விருதை வென்ற ‘தி பிராக்டிஸ்’ தொடரையும் உருவாக்கியவர் அதே டேவிட் இ. கெல்லி. இரண்டுமே பாஸ்டன் வக்கீல் கதைகள்.

கதவு திறந்ததும் கணக்குப் பார்த்து நுழைவது தொடங்கியது. டிராமாப் பட்டியலில் நெரிசல் என்றால் காமெடிக்குத் தாவுவது. ‘ஷேம்லெஸ்’ 2014-இல் டிராமாவிலிருந்து காமெடிக்கு மாறியது. சிறைச்சாலைக் கதையான ‘ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்’ அதே ஆண்டு காமெடியாகப் போட்டியிட்டது. எரிச்சலடைந்த அகாடமி 2015-இல் வழக்கத்தை எழுத்து விதியாக்கியது: அரை மணி காமெடி, ஒரு மணி டிராமா. விலக்கு வேண்டுமென்றால் ஒன்பது பேர் கொண்ட குழுவிடம் மனுப் போட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ‘ஷேம்லெஸ்’, ‘கிளீ’, ‘ஜேன் தி வர்ஜின்’ மனுக்கள் ஏற்கப்பட்டன. ‘ஆரஞ்ச்’ மனு தள்ளுபடியானது. விளைவு வேடிக்கையானது. அதில் நடித்த உஸோ அடூபா ஒரே கதாபாத்திரத்துக்காக 2014-இல் காமெடியிலும் 2015-இல் டிராமாவிலும் எம்மி வாங்கினார். அதற்கு முன் அதைச் செய்தவர் எட் ஆஸ்னர் ஒருவர்தான். லூ கிராண்ட் என்ற பாத்திரம் ‘மேரி டைலர் மூர் ஷோ’வில் காமெடியாகவும், பிறகு தன் பெயரிலேயே வந்த தொடரில் டிராமாவாகவும் இருந்தது.

அந்த விதி ஏன் நிலைக்கவில்லை? ஸ்ட்ரீமிங்கில் ‘நேரப் பகுதி’ என்பதே இல்லை. நெட்வொர்க்கில் அரை மணி என்றால் விளம்பரம் போக 22 நிமிடம், ஒரு மணி என்றால் 44 நிமிடத்துக்குப் பக்கம். ஸ்ட்ரீமிங்கில் ஒரே சீசனில் ஓர் எபிசோடு 25 நிமிடமும் அடுத்தது 50 நிமிடமும் இருக்கலாம். எங்கே கோடு போடுவது? 2021 டிசம்பரில் அகாடமி நீள விதியை எடுத்துவிட்டது. தயாரிப்பாளரே தேர்ந்தெடுப்பார்; தேர்வு பொருந்தவில்லை என்று தோன்றினால் மறுபரிசீலனை செய்யும் உரிமை அகாடமியிடம் இருக்கும்.

‘தி பேர்’ இதற்குப் பிறகு, 2022 ஜூனில் வந்தது; முதல் சீசனுக்கான தொடர் விருதை 2024 ஜனவரியில் வாங்கியது. பழைய நீள விதி இருந்திருந்தாலும் அது காமெடியில்தான் நின்றிருக்கும் என்பது பலர் தவறவிடும் விஷயம். அதன் பெரும்பாலான எபிசோடுகள் அரை மணி வாக்கில்தான். அகாடமி விதியைத் தளர்த்தியதால் அது நுழைந்துவிட்டது என்று சொல்வது பிழை. உண்மையில் சீண்டியது இரண்டாம் சீசனின் ‘ஃபிஷஸ்’ எபிசோடு: 66 நிமிடம், கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரு குடும்பம் சிதறுவது. காமெடிப் பிரிவின் சிறந்த இயக்கத்துக்கான விருது அதற்குப் போனது. அதே 2024 செப்டம்பர் விழாவைத் தொகுத்த யூஜின் லெவியும் டான் லெவியும் ‘தி பேர்’ பாணியைப் பின்பற்றி நாங்களும் ஜோக் சொல்லப்போவதில்லை என்று கிண்டலடித்தார்கள். அந்த இரவில் தொடருக்கான விருது ‘ஹேக்ஸ்’ கைக்குப் போனது. ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஒருவரையும் அவருக்கு ஜோக் எழுதும் இளம்பெண்ணையும் பற்றிய கதை. திரைக்கதை விருதும் அதற்கே. ‘தி பேர்’ மொத்தம் 11 எம்மிகளோடு அந்த ஆண்டு காமெடித் தொடர்களுக்கான சாதனையை வைத்தும் முக்கியமான விருதைத் தவறவிட்டது. வாக்காளர்களுக்குள்ளும் அந்த முணுமுணுப்பு இருந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். அந்தச் சாதனையை 2025-இல் ‘தி ஸ்டுடியோ’ 13 விருதுகளோடு முறியடித்தது.

தேர்வு முறை இப்படி நடக்கிறது. ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை வெளியானவை ஓர் ஆண்டுக் கணக்கு. தயாரிப்பாளர் பிரிவைக் குறித்து விண்ணப்பிக்கிறார். முதல் சுற்று வாக்கில் பரிந்துரைப் பட்டியல் உருவாகி ஜூலையில் வெளியாகும். எழுத்துக்கு எழுத்தாளர்கள், இயக்கத்துக்கு இயக்குநர்கள் என்று அவரவர் துறைக்கு அவரவர் வாக்களிப்பார்கள். ‘சிறந்த தொடர்’ போன்ற நிகழ்ச்சிப் பிரிவுகளுக்கு எல்லாத் துறையினரும் வாக்களிக்கலாம். உறுப்பினர்கள் 20,000-க்கும் மேல். ஆகஸ்டில் இறுதிச் சுற்று, செப்டம்பரில் விழா. எண்ணிக்கையைக் கவனிப்பது எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம். பரிந்துரைகள் முன்பு ஐந்து. 2009-இல் ஆறாக்கினார்கள், அந்த ஆண்டு காமெடியில் சமநிலை வந்து ஏழாயின. சமநிலையால் அல்ல, விதியாகவே 2015-இல் ஏழு ஆனது, 2020-இல் எட்டு.

இறுதி வாக்கு எப்போதும் இவ்வளவு திறந்ததாக இல்லை. 2000 வரை சிறு குழுக்கள் ஓட்டலில் வாரயிறுதியில் உட்கார்ந்து டேப்பாகப் பார்த்து முடிவு செய்தன. வார இறுதி முழுவதையும் ஒதுக்கக்கூடியவர்கள் யார்? பெரும்பாலும் வேலை குறைந்த மூத்தவர்கள். ஜெயித்தவையே திரும்பத் திரும்ப ஜெயித்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். ‘ஃப்ரேசியர்’ 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது அந்தக் காலத்தில்தான். 2000 முதல் டேப்புகளை வீட்டுக்கு அனுப்பினார்கள், 2015-இல் குழுக்களையே கலைத்துத் தகுதியுள்ள உறுப்பினர் அனைவருக்கும் இறுதி வாக்கைக் கொடுத்தார்கள். 2016 முதல் வரிசைப்படுத்தும் முறையும் போய், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும் என்றானது. வரிசைப்படுத்தும்போது எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்த தொடர் மேலே வரும். ஒற்றை வாக்கில் சிலருக்கு வெறித்தனமாகப் பிடித்தது மேலே வரும். ஆறே எபிசோடு கொண்ட பிரிட்டிஷ் தொடரான ‘ஃப்ளீபேக்’ 2019-இல் ஜெயிக்க இது உதவியிருக்கும் என்பது என் ஊகம். அது அமேசானோடு கூட்டுத் தயாரிப்பாக இருந்ததால்தான் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கான சர்வதேச எம்மிக்குப் போகாமல் இங்கே நிற்க முடிந்தது.

மல்டி-கேமராவைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். அந்த வடிவத்தில் கடைசியாக வென்றது 2005-இல் ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’. அடுத்த ஆண்டு ‘தி ஆஃபிஸ்’, பிறகு ‘30 ராக்’ மூன்று முறை, ‘மாடர்ன் ஃபேமிலி’ ஐந்து முறை, எல்லாம் ஒற்றைக் கேமரா, சிரிப்பொலி இல்லை. நாடே பார்த்த ‘பிக் பேங் தியரி’ பரிந்துரையோடு நின்றுவிட்டது. நெட்வொர்க்குகளின் கதையும் அப்படியே. கேபிள் சேனல்களுக்கு எம்மியின் கதவு 1988-இல் திறந்தாலும் காமெடித் தொடர் விருதை முதலில் வாங்கிய கேபிள் தொடர் 2001-இல் எச்.பி.ஓ.வின் ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’. முதல் ஸ்ட்ரீமிங் வெற்றி 2018-இல் ‘மார்வெலஸ் மிஸஸ் மைசல்’. 2014-இல் ‘மாடர்ன் ஃபேமிலி’ வென்ற பிறகு பெரிய நெட்வொர்க் எதுவும் இதை வெல்லவில்லை. ஆண்டுக்கு 22, 24 எபிசோடு தயாரிக்கும் தொடரில் சுமாரான வாரங்கள் இருக்கத்தான் செய்யும். எட்டோ பத்தோ எபிசோடு எடுப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே தராசில் இரண்டையும் நிறுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதைக் கேட்பதில்லை.

கோப்பை யாருக்கு என்பதிலும் குழப்பம் உண்டு. தொடருக்கான சிலை தயாரிப்பாளர் பட்டத்தில் இருப்பவர்களுக்குப் போகும். நடிகருக்குப் போகாது, அவரும் தயாரிப்பாளராக இருந்தாலொழிய. அமெரிக்காவில் மூத்த எழுத்தாளர்களுக்குத் தயாரிப்பாளர் பட்டம் கிடைப்பது வழக்கம் என்பதால், மேடையேறும் கும்பலில் பாதிப் பேர் உண்மையில் வசனம் எழுதியவர்கள். ஓர் எபிசோடின் எழுத்துக்கென்று தனி விருது உண்டு. தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் பெற்றோரின் மகன் அஸீஸ் அன்சாரி ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடருக்காக 2016-இலும் 2017-இலும் வாங்கியது அதைத்தான். முதலாவதை ஆலன் யாங்கோடும் இரண்டாவதை லீனா வெய்த்தோடும் பகிர்ந்தார். 2016-இல் வென்ற ‘பேரண்ட்ஸ்’ எபிசோடில் அவருடைய அப்பா அம்மாவாக நடித்தவர்கள் அவருடைய சொந்த அப்பா அம்மாவே. இரண்டு ஆண்டும் தொடருக்கான பட்டியலிலும் அது இருந்தது, வென்றது ‘வீப்’.

பட்டியலை நீங்களே பார்க்கப் போவதானால் ஆண்டைக் கவனியுங்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் விழா நடந்த ஆண்டும் நிகழ்ச்சி வந்த ஆண்டும் வேறு வேறு. சில பட்டியல்கள் ஒன்றையும் சில மற்றதையும் போடும். 2023-க்கான விழா எழுத்தாளர், நடிகர் வேலைநிறுத்தங்களால் 2024 ஜனவரி 15-க்குத் தள்ளிப்போனது. அதனால் 2024-இல் இரண்டு விழாக்கள். ஜனவரியில் ‘தி பேர்’ வாங்கியது முதல் சீசனுக்கு. அப்போது இரண்டாம் சீசன் வெளியாகி ஏழு மாதம் ஆகியிருந்ததால் அதற்குத்தான் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். இன்னொன்று, 1962-இல் வென்ற ‘பாப் நியூஹார்ட் ஷோ’ ஒரே சீசன் ஓடிய வெரைட்டி நிகழ்ச்சி. 1972-இல் தொடங்கிய, அவர் மனநல நிபுணராக நடித்த அதே பெயருள்ள சிட்காம் வேறு.